மூஞ்சியப் பாக்காதே: கவாத்து மைதானத்திலிருந்து சுடுதளத்துக்கு

1

'டாணாக்காரன்' படம் 2022 ஏப்ரலில் வந்தது. தியேட்டருக்கு வராமல் நேரே வீட்டுத் திரைக்கு வந்த படம். அதை நான் சித்தப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சித்தப்பா ஆயுதப்படையில் முப்பத்துச் சொச்சம் வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகக் காக்கி போட்ட ஆள். அவர் பயிற்சி முடித்து ஊருக்குள் வந்த அன்று ஊர்த்தெரு டீக்கடையில் அவருக்குக் கண்ணாடி கிளாசில் டீ கொடுத்தார்கள் என்பதை எங்கள் ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. காக்கிக்குக் கொடுத்த டீ அது, உனக்கில்லடா என்று தாத்தா சொன்னதையும் சேர்த்தே சொல்லும்.

படம் ஓடும்போது சித்தப்பா வாயே திறக்கவில்லை. கக்கூசுக்கு வரிசையில் நிற்கும் காட்சி வந்தபோது மட்டும் லேசாகச் சிரித்தார். முடிந்ததும் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"கவாத்த நல்லா எடுத்திருக்கான்ப்பா. நெசந்தான். ஆனா ஃபயரிங் போன நாளப் பத்தி எவனும் படம் எடுக்க மாட்டான் போல. போலீசு ஆனது கவாத்துலயா? கவாத்து முதுகத்தான் ஒடிச்சுச்சு. ஆள மாத்துனது அந்தத் துப்பாக்கிதான்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு பேச்சிலிருந்து பிறந்தது. ஒரு படத்தைப் பற்றிய விமர்சனமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, படம் எங்கே நின்றதோ அங்கிருந்து நடக்க வேண்டியதாகிவிட்டது.

2

முதலில் படத்துக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். இயக்குநர் தமிழ் போலீசில் வேலை பார்த்தவர். 'ஜெய் பீம்' (2021) படத்தில் கொடூரமான சப்-இன்ஸ்பெக்டராக நடித்து நம்மைக் கொதிக்க வைத்தவரும் அவரே. 1990களின் கடைசியில் ஒரு காவலர் பயிற்சிப் பள்ளி. இளவட்டங்களோடு, 1982இலேயே தேர்வாகி ஆட்சி மாற்றத்தில் கைவிடப்பட்டு, நரைத்த தலையோடு இப்போது பயிற்சிக்கு வரும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களையும் வெயிலில் ஓடவிட்டு, கெட்ட வார்த்தை சொல்லி, தண்டனைக் கவாத்து கொடுத்துச் சாகடிக்கும் ஈஸ்வரமூர்த்தி என்கிற பயிற்றுநர். லால் நடித்திருக்கிறார். எதிர்த்து நிற்கும் அறிவாக விக்ரம் பிரபு.

போலீஸ்காரனைத் தெய்வமாக்கும் படங்கள் நூறு வந்திருக்கின்றன. அடிக்கிற கையை உண்டாக்குவதற்கு முன்னால் அந்தக் கையையே எப்படி அடித்து வளைக்கிறார்கள் என்று காட்டிய படம் தமிழில் இதைப்போல் வேறில்லை. லாக்கப்பில் நம் ஆட்கள்மேல் விழுகிற அடி எங்கே தயாராகிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது. மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைப்பதுதானே இந்த நாட்டின் ஏணி. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை கவாத்து மைதானத்திலும் பூட்ஸ் போட்டுத்தான் நடக்கிறது.

மீதிப் பாதி எங்கே என்பது என் கேள்வி. படத்தில் கெட்ட பயிற்றுநர் ஒருவர் இருக்கிறார், எம்.எஸ். பாஸ்கர் நடித்த இரக்கமுள்ள பெரியவரும் இருக்கிறார். ஆக, பிரச்சினை ஆளின் குணமாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல வாத்தியார் கிடைத்தால் நல்ல போலீஸ் கிடைக்கும் என்று பார்க்கிறவன் எண்ணிக்கொண்டு எழுந்து போகலாம். வாத்தியார் நல்லவரா கெட்டவரா என்று கேட்டவர்கள், அவர் சொல்லிக்கொடுக்கும் பாடம் என்ன என்று கேட்கவில்லை. அறிவு கடைசியில் கவாத்திலேயே ஜெயித்துக் காட்டுகிறான். அடிமைப்படுத்தும் வித்தையில் அடிமையே முதல் மார்க் வாங்குகிறான். கைதட்டுகிறோம். அந்த வித்தை எதற்கு என்ற கேள்வி கைதட்டலில் காணாமல் போகிறது.

சாதியைப் படம் தன் மையத்தில் வைக்கவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. சாதி அங்கே வசனமாக வருவதைவிட, எதைப் பார்க்கிறோம் எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதில்தான் அதிகம் வேலை செய்கிறது. அதைக் கவாத்து மைதானத்தில் கண்டுபிடிக்க முடியாது. சுடுதளத்துக்குப் போக வேண்டும்.

3

சித்தப்பாவிடம் மறுநாள் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவர் சொன்ன மொழியிலேயே கொஞ்சம் தருகிறேன்.

"விடியமுன்ன லாரில ஏத்திக் கொண்டுபோவாக. மலையடிவாரமா ஒரு எடம். செவப்புக் கொடி ஏத்திருவாக, ஆடுமாடு மேய்க்கிறவுக வரக்கூடாதுன்னு. நமக்குக் குடுத்தது த்ரீநாட்த்ரீ. நெஞ்சுயரம் இருக்கும், கனமான கனம். படுத்துக்கிட்டுச் சுடணும், முட்டி போட்டுச் சுடணும், நின்னுக்கிட்டுச் சுடணும். மொதத் தடவ சுட்டப்ப கட்டை தோள்ல இடிச்ச இடி இருக்கே, நாலு நாளு தோள்பட்டை கன்னிப்போயி கெடந்துச்சு. கன்னத்துல வீங்குனவனும் உண்டு."

"யாரு சித்தப்பா சொல்லிக்குடுத்தது?"

"ஒரு ஏட்டய்யா. நல்ல மனுசன்தான், கை நீட்ட மாட்டாரு. அவரு எங்களுக்கு முன்ன ஆயிரம் பேருக்குச் சொல்லிக்குடுத்திருப்பாரு. மூச்ச இழு, பாதி விடு, நிறுத்து, விசைய வெடுக்குனு இழுக்காத, பால் கறக்குற மாதிரி அமுக்குன்னுவாரு. ஒடம்பு சரியில்லாம லைன் வேலைக்கு ஆகாதுன்னு அங்க போட்டிருந்தாக அவர."

இங்கே ஒரு நிமிசம் நிற்கலாம். பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் என்றால் இந்தியப் போலீசில் அது தண்டனை மாற்றல் என்பது ஊரறிந்த சங்கதி. போலீஸ் பயிற்சியைச் சீர்செய்ய 1971இல் மத்திய அரசு கோரே குழுவை அமைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள், ஊக்கத் தொகைகள். இன்றும் ஸ்டேஷனில் வேண்டாதவர்கள் பயிற்றுநர்களாக ஒதுக்கப்படுகிறார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. மனிதனைச் சுடும் கருவியைக் கையில் கொடுக்கும் வேலையை இந்த அரசு அப்படித்தான் மதித்திருக்கிறது.

சித்தப்பா தொடர்ந்தார்: "சுட்டு முடிச்சதும் காலித் தோட்டாவ எண்ணிக் குடுக்கணும். அம்பது சுட்டா அம்பது காலி. ஒண்ணு கொறஞ்சாலும் விட மாட்டாக. ஒருக்க ஒண்ணக் காணோம். மொத்தப் படையும் மண்ணுல கைய விட்டு, புல்லப் புடுங்கி, பொழுது சாயிற மட்டும் தேடுனோம். சோறு தண்ணி இல்ல. கெடச்சப் பெறகுதான் வண்டி ஏறுனோம்."

"குறி எது சித்தப்பா? வட்டமா?"

"மொதல்ல கட்டம் போட்ட அட்டை. அஞ்சு குண்டும் ஒரு சாண் எடத்துக்குள்ள விழணும். அப்பறம் ஆளு மாதிரி அட்டை. நெஞ்சுல விழுந்தா நல்ல மார்க்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு பய கேட்டான், ஐயா கூட்டத்துல சுடச் சொன்னா எப்பிடிய்யான்னு. ஏட்டய்யா சொன்னாரு: 'மூஞ்சியப் பாக்காதே. மூஞ்சியப் பாத்தா கை நடுங்கும். கூட்டத்தப் பாரு.' அம்புட்டுதான் பாடம்."

4

மூஞ்சியைப் பார்க்காதே என்பது அந்த ஏட்டய்யா கண்டுபிடித்தது அல்ல. அவர் நல்ல மனுசன், கை நீட்டாதவர். அவர் வாயில் பேசியது பெரிய சரித்திரம்.

இரண்டாம் உலகப் போரில் முன்வரிசையில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்களில் நான்கில் ஒருவர்கூட எதிரியை நோக்கிச் சுடவில்லை என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்கிற ராணுவ எழுத்தாளர் 1947இல் எழுதினார். அவர் அந்தக் கணக்கை எப்படி எடுத்தார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். சந்தேகித்தால் என்ன? மனிதனுக்கு மனிதனைச் சுட இயல்பாகவே ஒரு தயக்கம் உண்டு, பயிற்சியின் வேலை அந்தத் தயக்கத்தைக் கழற்றுவது என்ற எண்ணம் வேர் பிடித்துவிட்டது. வட்டக் குறிகளின் இடத்தில் திடீரென எழும்பி நிற்கும் மனித உருவ அட்டைகள் பெருகின. பார், சுடு, விழும். யோசிக்கிற நேரத்தை உடம்பிலிருந்து எடுத்துவிடுவதுதான் இதன் நோக்கம்.

ஃபூக்கோ 1975இல் எழுதிய தண்டனை பற்றிய புத்தகத்தில், உடலைப் பணிய வைப்பது பற்றிய அத்தியாயத்தைச் சிப்பாயிலிருந்துதான் தொடங்குகிறார். ஒரு காலத்தில் சிப்பாய் பிறப்பால், தோற்றத்தால் அடையாளம் காணப்பட்டான், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் களிமண்ணைப் பிசைவதுபோல் சிப்பாயைச் செய்ய முடியும் என்றாகிவிட்டது என்கிறார். துப்பாக்கியைத் தூக்குவதை அசைவு அசைவாகப் பிரித்து, கையின் எந்தப் பாகம் கட்டையின் எந்தப் பாகத்தில் என்று விதித்துக் கொடுத்ததைச் சொல்கிறார். நமக்கு இதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இந்தியாவில் வெற்றுக் களிமண் என்று ஒன்று கிடையாது. பயிற்சிப் பள்ளிக்கு வரும்போதே பையன் பதினெட்டு இருபது வருசம் வேறொரு பயிற்சி முடித்துத்தான் வருகிறான். எந்தத் தெருவுக்குள் செருப்போடு போகலாம், யாரை வாடா போடா என்கலாம், யார் கூட்டம் சேர்ந்தால் திருவிழா, யார் கூட்டம் சேர்ந்தால் கலவரம். இதற்கெல்லாம் ஊர்தான் பயிற்சிப் பள்ளி. அங்கே அவனுடைய அம்மாவும் அப்பாவும்தான் முதல் பயிற்றுநர்கள்.

கூட்டத்தைப் பார், முகத்தைப் பார்க்காதே என்று சுடுதளத்தில் சொல்லும்போது அது ஏற்கெனவே பழகிய பாடத்தின் மேல் போய் உட்காருகிறது. நம் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு ஆதிக்கசாதிப் பையனுக்கு எந்த ஏட்டய்யாவும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரமப்பட்டுக் கற்க வேண்டியவன் சித்தப்பாவைப் போன்றவன்தான்.

இந்தப் போலீசின் பிறப்பையும் மறக்கக் கூடாது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1861இன் அகில இந்தியச் சட்டத்துக்கும் முன்னாலேயே, 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்துவிட்டது. குடிமக்களுக்கு நடுவே நின்று ஆள்பவனுக்குக் காவல் காக்கிற படை. அந்தப் படையையும் வெள்ளைக்காரன் முழுசாக நம்பவில்லை. பட்டாளத்தின் .303 ரைபிளின் குழலைக் குடைந்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் .410 மஸ்கட்டாக மாற்றிப் போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுத்தார்கள். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. போலீஸ்காரன் கை மாறினாலும், துப்பாக்கி கை மாறினாலும் பட்டாளத்துத் தோட்டா அதில் ஓடக்கூடாது என்கிற முன்ஜாக்கிரதை. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது என்ன? போர்க்களத்துக்கென்று செய்த 7.62 எஸ்.எல்.ஆர். ஊர்வலத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. முன்னால் நிற்பவனைத் துளைத்துப் பின்னால் நிற்பவன்மேலும் பாயக்கூடிய தோட்டா. ஆள்பவனுக்குத் தன் போலீஸ் மேல் நம்பிக்கை கூடிவிட்டது என்று வேண்டுமானால் சந்தோசப்பட்டுக்கொள்ளலாம்.

5

இப்போது இன்னொரு பிரதியை வாசிப்போம். போலீஸ் நிலையாணைகள். கூட்டத்தைக் கலைக்கச் சுடுவது பற்றி அவை சொல்வதன் சாரம் இது: முதலில் எச்சரிக்கை செய். வேறு வழியெல்லாம் தீர்ந்த பிறகே சுடு. தலைக்கு மேல் சுடாதே, தூரத்தில் நிற்கும் சம்பந்தமில்லாதவன் சாவான். தாழ்வாகச் சுடு. மிரட்டலாக நிற்கும் பகுதியை நோக்கிச் சுடு. தேவைக்குமேல் ஒரு தோட்டாவும் வேண்டாம். கலையத் தொடங்கியதும் நிறுத்து.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சுடுதளத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நெஞ்சுக்கு மார்க், இங்கே காலுக்குச் சுடு. அங்கே அட்டை அசையாமல் நிற்கிறது, இங்கே ஆள் ஓடுகிறான், குனிகிறான், விழுந்த பிள்ளையைத் தூக்குகிறான். குனிந்தவனின் தலை இருக்கும் உயரம் நின்றவனின் இடுப்பு உயரம்தான். தாழ்வாகச் சுடு என்கிற விதி, கூட்டம் நெஞ்சை நிமிர்த்தி வரிசையாக நிற்கும் என்று நம்பி எழுதப்பட்ட விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, சுடுதளத்தில் ஐந்து தோட்டாவைச் சுடாமல் திருப்பிக் கொடுத்தவனுக்கு மார்க் இல்லை. நிறுத்து என்பது விதியில் இருக்கிறது, நிறுத்துவதற்குப் பரீட்சை இல்லை.

1997 ஜூலை 11. மும்பை காட்கோபரில் ரமாபாய் அம்பேத்கர் நகர். அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் தெருவில் கூடிய தலித்துகள்மேல் மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டது. 10 பேர் செத்தார்கள். விசாரித்த குண்டேவார் கமிஷன் அந்தச் சூடு நியாயமற்றது என்றது. சுட ஆணையிட்ட அதிகாரிக்கு 2009இல் செசன்ஸ் கோர்ட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பு வர பன்னிரண்டு வருசம். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' ஆவணப்படம் அந்தத் தெருவிலிருந்துதான் கிளம்புகிறது. 'டாணாக்காரன்' பார்த்தவர்கள் அதையும் பார்க்க வேண்டும். ஒன்று துப்பாக்கிக்குப் பின்னால் நிற்பவனின் உடம்பைக் காட்டுகிறது, மற்றது துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர்களின் முகத்தையும் பாட்டையும் காட்டுகிறது. ஏட்டய்யா பார்க்காதே என்று சொன்ன மூஞ்சிகள் அந்தப் படம் நெடுகப் பேசுகின்றன.

2011 செப்டம்பர் 11. பரமக்குடி. இமானுவேல் சேகரன் நினைவு நாள். ஜான் பாண்டியன் கைது செய்யப்பட்டதைக் கேட்டு ஐந்துமுக்கு ரோட்டில் மறியல். தடியடி, துப்பாக்கிச்சூடு. ஆறு தலித்துகளின் உயிர் போனது. அரசு அமைத்த நீதிபதி சம்பத் கமிஷன் சூடு தவிர்க்க முடியாதது என்று சொன்னது. 2013இல் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. வருசா வருசம் அதே தேதியில் அதே ஊருக்கு அதே சனம் வருகிறது. அவர்களை வரவேற்கத் தயாராகிறவர்களுக்கு அது அஞ்சலிக்கு வரும் சனமாகத் தெரியாமல் போனது எப்படி? தண்ணீர்ப் பந்தலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே எத்தனையோ வழி இருக்கிறது. அவற்றைக் கண்ணில் படாமல் செய்தது எந்தப் பயிற்சி?

2018 மே 22. தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்பின் நூறாவது நாள். 13 பேர் செத்தார்கள். அது எல்லாச் சாதிச் சனமும் கலந்து நின்ற கூட்டம். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் எதுவும் இல்லாமல், ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்றது. குறி தவறாத ஒரு காவலரை இடம் இடமாகக் கூட்டிப்போய்ச் சுடவைத்திருக்கிறார்கள். அவர் ஒருவர் கணக்கில் மட்டும் 17 ரவுண்டு.

இந்த 17 எப்படித் தெரிந்தது? காலித் தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, அதனால் தெரிந்தது. சித்தப்பாவின் படை பொழுது சாயும் மட்டும் மண்ணில் கைவிட்டுத் தேடியதே, அந்தக் கணக்கு. பித்தளைக்கு இவ்வளவு கறாராக ஒரு பேரேடு வைத்திருக்கும் அரசு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் எதிரே யார் நின்றார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு பேரேடு வைக்கவில்லை. அதை எழுத ஒவ்வொரு முறையும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரையும் சில வருசங்களையும் தேட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் பத்திரிகைகளில், டிவி விவாதங்களில், காவலருக்குப் பயிற்சி போதவில்லை, நவீனப் பயிற்சி தேவை என்று நடுநிலையாளர்கள் சொல்வார்கள். கேட்கும்போது மனிதாபிமானமாகத்தான் தெரியும். பயிற்சி போதாதவனா ஓடுகிற ஆளைக் குறி தவறாமல் அடித்தான்? பயிற்சி பலித்திருக்கிறது. நெஞ்சுக்கு மார்க் போட்டார்கள், நெஞ்சில் அடித்தான். மூஞ்சியைப் பார்க்காதே என்றார்கள், பார்க்கவில்லை. சட்டமும் பின்னால் நிற்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தின் 148ஆம் பிரிவாகிவிட்டது. அப்படிக் கலைத்தவர்மேல் அரசின் அனுமதியில்லாமல் வழக்குத் தொடர முடியாது என்கிற 132ஆம் பிரிவும் 151 என்ற எண்ணோடு பத்திரமாக இருக்கிறது. எண் மாறியிருக்கிறது, காப்பு மாறவில்லை.

6

சுடுதளத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையன் தலையில் தோட்டா பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று செத்துப்போனான். அங்கே கூட்டம் இல்லை, கோஷம் இல்லை, கல் இல்லை. ஒரு வீடும் ஒரு தட்டுச் சோறும்தான் இருந்தன. சிவப்புக் கொடி ஆடு மேய்ப்பவரை நிறுத்தும். தோட்டாவை நிறுத்துமா? மலையடிவாரம் என்றால் ஆள் இல்லாத இடம் என்று வரைபடம் போடுகிறவன் நினைக்கிறான். அங்கே இருப்பவர்கள் அவன் கணக்கில் ஆளாக வரவில்லை. மூஞ்சியைப் பார்க்காத பாடம் தளத்துக்கு இடம் பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறது.

7

அப்படியானால் என்னதான் சொல்ல வருகிறாய், போலீசுக்குத் துப்பாக்கியே வேண்டாம் என்கிறாயா, நம் பிள்ளைகள் போலீசில் சேர வேண்டாம் என்கிறாயா என்று கேட்கலாம். நம் தெருவில் இந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. காக்கி என்பது மாசச் சம்பளம், கண்ணாடி கிளாஸ், ராத்திரி கதவைத் தட்ட வருகிறவன் கொஞ்சம் யோசிக்க ஒரு காரணம். போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சித்தப்பா சம்பளத்தில்தான் நான் காலேஜ் படித்தேன்.

பட்டாளமும் நமக்குப் புதிதில்லை. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதார். மோவ் ராணுவப் பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தவர். அங்கேதான் 1891இல் அம்பேத்கர் பிறந்தார். ராணுவத்துக்குள் சிப்பாய்களுக்கும் பிள்ளைகளுக்கும் எழுத்தைச் சொல்லிக்கொடுத்த ஒரு தலித் வாத்தியாரின் வீட்டிலிருந்துதான் அரசியல் சட்டம் எழுதிய கை வந்தது. அதே மோவில் இன்று காலாட்படைப் பள்ளியும் ராணுவத்தின் குறிசுடும் பிரிவும் இருக்கின்றன. பயிற்றுநர் என்ற சொல்லுக்கு ராம்ஜி ஒரு பொருள் கொடுத்தார். நம் சுடுதளங்களில் அந்தப் பொருள் இதுவரை நுழையவில்லை.

என்ன கேட்கலாம் என்பதற்குப் பதில் ஒன்றும் ரகசியமில்லை. 1990இல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு காவலர்கள் துப்பாக்கியைப் பயன்படுத்துவது பற்றிச் சில கோட்பாடுகளை ஏற்றது. உயிருக்கு ஆபத்து என்றாலொழிய துப்பாக்கி கூடாது. தனிப் பயிற்சி முடித்தவருக்கே ஆயுதம். அந்தப் பயிற்சியில் மனித உரிமையும், சுடாமல் சமாளிக்கும் வழிகளும், கூட்டத்தின் நடத்தையைப் புரிந்துகொள்வதும், பேசி இணங்க வைப்பதும் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. நான் அதில் ஒன்றே ஒன்றைச் சேர்ப்பேன். பரமக்குடியில், தூத்துக்குடியில், ரமாபாய் நகரில் செத்தவர்களின் பெயரும் முகமும் ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியிலும் பாடமாக வேண்டும். சுடுதளத்துக்குப் போகிற லாரியில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் படங்களுக்கு எதிரே நின்றுவிட்டுப் போகட்டும். கை நடுங்கும் என்றுதானே பயம். நடுங்கட்டும். நடுங்காத கையைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம்.

'டாணாக்காரன்' எடுத்தவருக்கு இன்னொரு படம் பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். கவாத்தில் ஜெயித்த அறிவு வேலைக்கு வந்துவிட்டான். ஒரு நாள் அவன் கையில் எஸ்.எல்.ஆர். கொடுத்து ஒரு ஊர்வலத்துக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். அங்கே அவனுக்கு ஈஸ்வரமூர்த்தி தேவையில்லை. அவர் அவனுக்குள்ளேயே இருக்கிறார். அந்தப் படத்தை எடுக்க முடியுமா?

சித்தப்பாவிடம் கடைசியாக அதைத்தான் கேட்டேன். தொண்ணூறுகளில் ஒரு மறியல். ஊர் பேர் வேண்டாம் என்றார். தோட்டா போடச் சொல்லிவிட்டார்கள். முன்வரிசையில் முட்டி போட்டு இருக்கிறார். எதிரே நம் சனம்.

"ஏட்டய்யா சொன்னது நெனப்பு வந்துச்சு. பாக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஒருத்தன் சட்டையக் கழட்டிட்டு முன்னால வந்தான். பாத்துட்டேன்ப்பா. எங்கூட அஞ்சாப்பு வரைக்கும் படிச்ச பய. அவனும் என்னயப் பாத்துட்டான். துப்பாக்கி, தொப்பி, எல்லாத்துக்கும் உள்ள இருந்த என்னயக் கண்டுக்கிட்டான்."

"சுடச் சொன்னாகளா?"

"சொல்லல. தாசில்தாரு ஏதோ பேசுனாரு, கூட்டம் கலஞ்சிருச்சு. தோட்டாவ எறக்கி எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டோம். கணக்குச் சரியா இருந்துச்சு."

"சொல்லியிருந்தா, சித்தப்பா?"

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்:

"தெரியலப்பா. அதான் இன்ன வரைக்கும் தூக்கம் வர மாட்டேங்குது."